கலப்பு லோடில் வந்த மாடன்

ஓய்வு பெற்றவனுக்கு வரும் போன் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று கல்யாண அழைப்பு, இன்னொன்று சந்தேகம். போன வாரம் வந்தது இரண்டாவது வகை. மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் பேசினாள். கட்டடக் கழிவுக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன, எது கழிவு, எது கழிவில்லை என்று தெருவுக்குத் தெரு சண்டை நடக்கிறது என்றாள். "சார், உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படின்னு எல்லாரும் சொல்லுதாவ. சுருக்கமா ஒரு பக்கம் எழுதித் தந்தீங்கன்னா வாட்ஸ்அப்புல போட்டுருவேன்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். இடிக்கும்போது வரும் செங்கல், கான்கிரீட், காரை, ஓடு, தரைக்கல் எல்லாம் கட்டடக் கழிவு. கட்டும்போது மிஞ்சி இறுகிப்போன சிமெண்டும் அதுதான். வீட்டுக் குப்பை, மரக்கிளை, மீன் செதில், பழைய மெத்தை ஆகியவை அதில் சேரா. இவ்வளவும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த ஒரு பக்கத்தில் அடங்காத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் யாரும் பொறுமையாகப் படிக்கமாட்டார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இடிபாட்டைப் பற்றி யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. பயிற்சி என்றால் பிளீச்சிங் பவுடர், கொசு மருந்து, செத்த நாய், சந்தை நாளில் சாக்கடை அடைப்பு, அவ்வளவுதான். ஆபீசில் இடிபாட்டுக்குப் பெயர் ‘ரப்பிஷ்’. ஊருக்குள் அதற்குப் பெயர் ‘மேடு’. தூத்துக்குடியில் பாதி ஊர் பள்ளம். உப்பளத்தை ஒட்டி மனை வாங்கினவர்கள், மாப்பிள்ளையூரணிப் பக்கம் வீடு போட்டவர்கள் எல்லாருக்கும் மேடு வேண்டும். ஒரு வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் கடப்பாரை விழுவதற்கு முன்பே ஆள் வந்து நிற்கும். "அண்ணாச்சி, நமக்கு ரெண்டு வண்டி மேடு சொல்லி வைங்க" என்று என்னிடம் சிபாரிசுக்கு வருவார்கள். வேண்டும் என்று ஆள் வரிசையில் நிற்கிற ஒன்றைக் கழிவு என்று எப்படிச் சொல்வது? நாங்களும் சொல்லவில்லை.

பிறகு வீடுகள் மாறின. சுண்ணாம்பும் செங்கலுமாக இருந்த இடத்தில் கம்பி, பிளாஸ்டிக் குழாய், தெர்மாகோல், பசை போட்டு ஒட்டிய டைல்ஸ் வந்தன. அந்த இடிபாட்டைக் கொண்டுபோய் முற்றத்தில் போட்டால் கால் வைக்க முடியாது. பள்ளத்துக்காரர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் மனையை உயர்த்தி முடித்துவிட்டார்கள். கடைசியில் ஊரில் மிஞ்சியிருந்த பள்ளம் ஓடை ஒன்றுதான். எல்லா டிராக்டரும் அங்கே போயின. பிடித்தோம், நோட்டீஸ் கொடுத்தோம், சண்டை போட்டோம். ஒரு வண்டியைப் பிடித்து நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொரு வண்டி கொட்டிவிட்டுப் போகும்.

ஊரையே மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளம் வந்தபோது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. அங்கே நம் வீட்டு இடிபாடு உட்கார்ந்திருந்தது. அதனால் தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். என் வீட்டில் இடுப்பளவு நின்றது. இடுப்பளவில் நிற்பவனுக்குச் சாணும் பெரிசுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே இடிபாட்டுக்கென்று ஒரு கிட்டங்கி முறையாக நடக்க ஆரம்பித்தது. வருகிற இடிபாட்டைப் பிரித்து, இயந்திரத்தில் அரைத்து, ஜல்லியாகவும் பொடியாகவும் வெளியே அனுப்புகிற இடம். அதற்குப் பொறுப்பாக வந்தவர் அருணாசலம் சார். நான் அவருக்குக் கீழே வாசல் வேலை பார்த்தேன். வருகிற லோடை ஏற்பதும் திருப்புவதும் என் பொறுப்பு.

சார் தாமிரபரணிக் கரையில் வயல் உள்ள குடும்பம். ஒல்லியான ஆள். வெயிலுக்குத் தொப்பி கொடுத்தால் வாங்கமாட்டார். ஒரு கையில் குடை, மறுகையில் முனை கூரான இரும்புக் கம்பி. ஒரு லோடு தரையில் விழுந்ததும் கிட்டே போய், நெல் மூட்டையில் வியாபாரி குத்தூசி போட்டுப் பார்ப்பதுபோல் அந்தக் கம்பியை நாலா பக்கமும் குத்தி இழுத்துப் பார்ப்பார். அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கலந்திருக்கா?"

சுத்தமான கான்கிரீட் இடது பக்கம். செங்கலும் காரையும் வலது பக்கம். அஸ்திவாரம் தோண்டிய நல்ல மண் தனியாக வந்தால் அவர் அதைக் கழிவாகவே சேர்க்கமாட்டார். "மண்ணு என்னவே பாவம் பண்ணிச்சு? வெளிய நிறுத்து. தோட்டம் போடுதவன் கேட்டு வருவான்" என்பார். ஆனால் அதே மண்ணில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து வந்துவிட்டால் முகம் மாறிவிடும். அந்த லோடு பின்பக்கம் உள்ள கலப்பு மேட்டுக்குப் போகும். அதைக் கையால்தான் பிரிக்க வேண்டும், அதனால் மற்றதெல்லாம் அரைபட்ட பிறகும் அது அங்கேயே கிடக்கும். கொண்டுவந்தவனுக்கு அபராதம் தனி.

சாருக்கு இன்னொரு பழக்கம். சந்தோஷமாக இருந்தால் எங்களை ‘வே’ போட்டுக் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும். "நீங்க இங்க வாங்க" என்று சொன்னார் என்றால் அன்றைக்கு எவனுக்கோ கிரகம் சரியில்லை என்று அர்த்தம். என் சர்வீஸில் மரியாதைக்குப் பயந்தது அவரிடம் மட்டும்தான்.

ஒரு முறை கடற்கரைப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்ததில் முருகைக்கல் வந்தது. அந்தக் காலத்தில் கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டியெடுத்துக் கட்டின சுவர். இன்றைக்குக் கடலில் அதைத் தொட்டாலே கேஸ். டிப்பர் டிரைவர் லோடை இறக்காமல் நின்றுகொண்டு, "சார், இது குப்பையா, குத்தமா?" என்று கேட்டான். சார் குடையை மடக்கி வைத்துவிட்டு வெகுநேரம் அந்தக் கல்லையே பார்த்தார். அதில் பூப்பூவாகக் குழி இருந்தது. "இங்கன தனியா இறக்கு. மேல கேட்டுச் சொல்லுதேன்" என்றார். மேலே கேட்டார். மேலேயிருந்து இன்னும் பதில் வரவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்தக் கல் வேலியோரம் அப்படியேதான் கிடந்தது.

இனி அந்த ஒரு நாள்.

காலையில் கிட்டங்கி வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. பின்னால் இருந்த பெண் மட்டும் இறங்கி, செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள். பெயர் முத்துக்கனி. பைக்கில் இருந்தவர் கணவர் தங்கராஜ். இரண்டு பேரும் சேர்ந்து பலசரக்குக் கடை நடத்துகிறார்கள்.

"அண்ணாச்சி, எங்க சாமி உங்க கிட்டங்கில கெடக்காரு" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெள்ளத்தில் அவர்கள் வீட்டுச் சுவர் வெடித்துவிட்டது. இடித்துவிட்டு, மனையை உயர்த்திப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பின்பக்கம் மதிலோரம் சுடலைமாடனுக்கு ஒரு பீடம். பனைநாட்டுக் குடும்பங்களில் உள்ளதுதான்: செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, மேலே போகப்போகக் குறுகுகிற இடுப்பளவுத் தூண். முகம் கிடையாது, கை கால் கிடையாது. கொடைத் திருவிழா நடக்காத நாளில் பார்த்தால் தெரியாதவனுக்கு அது வெறும் வெள்ளையடித்த குட்டைச் சுவர்.

மனையை உயர்த்தினால் சாமி மண்ணுக்குள் போய்விடும். அதனால் முறைப்படி அதன் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வைத்துக்கொண்டு, புது மேட்டில் அதை வைத்துப் புதுப் பீடம் கட்ட வேண்டும். பிடிமண் எடுத்த பிறகு பழைய பீடத்தில் சாமி இல்லை. எடுப்பதற்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாளுக்கு முன்பே பொக்லைன் பீடத்தைச் சாய்த்து, புது மதிலுக்குக் கடைக்கால் தோண்டுகிறேன் என்று அடிமண்ணையும் வாரி, ஒரே டிப்பரில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டது. தோண்டின இடத்தில் இப்போது உப்புத் தண்ணீர் ஊறி நிற்கிறது.

"மூலக் கோயில்ல போயி இன்னொரு பிடி எடுத்துட்டு வரலாமேம்மா" என்றேன்.

"அங்கன பங்காளிக்குள்ள சண்டை. எங்க மாமனாரோட ஐயா காலத்துலயே, இனி உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு எடுத்துட்டு வந்த மண்ணு இது. அவிய திருப்பித் தர மாட்டாவ. இவிய போயிக் கேக்கவும் மாட்டாவ." பைக் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "நேத்துலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல அண்ணாச்சி. இன்னிக்குக் காலையிலதான், சாமி கெடைச்சா வா, இல்லன்னா அப்படியே உங்க அம்மை வீட்டுக்குப் போயிருன்னு சொல்லித்தான் வண்டில ஏத்துனாவ."

"உங்க மேல என்ன தப்பு?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்தது. இடிப்பு வேலைக்கு சூப்பர்வைசரான சேவியர். கடற்கரைக் கத்தோலிக்கர், எனக்கு முன்பே பழக்கம். முகம் செத்துப்போயிருந்தது. மூன்று பேருமாக சாரிடம் போனோம்.

சார் முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு ரூல் சொல்லலியா?" என்றார். மரியாதை ஏறிவிட்டது. அவளிடம் திரும்பினார். "உள்ள வந்தது வந்ததுதாம்மா. இன்னிக்கு உங்களுக்கு ஒரு பிடி மண்ணு குடுத்தா, நாளைக்கு ஒருத்தன் எங்க வீட்டு நிலைவாசல்னு வந்து நிப்பான். இன்னொருத்தன் கம்பின்னு வருவான். நான் யாருக்குன்னு தெறந்து விட?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதற்கு அன்றைக்கு நாங்கள்தான் உதாரணம். ஆனால் சார் சொன்னதில் தப்பும் இல்லை. கம்பிக்கு அப்படி வந்து நின்றவர்களை நானே வாசலில் விரட்டியிருக்கிறேன்.

சேவியர்தான் பேசினார். "சார், எல்லாம் போன்ல வந்த வெனை. பீடத்துக்குக் கிட்ட மிஷின் போகும்போது நானே நிறுத்தி இவியளுக்குப் போன் போட்டேன். மாடன் எடுத்தாச்சான்னு கேட்டேன். எடுத்தாச்சுப்பான்னு சொன்னாவ."

"நான் மாடம்னு நெனச்சேன் சார்" என்றாள் முத்துக்கனி. "துளசி மாடம். அதை மொத நாளே பேத்து எடுத்து வாடகை வீட்டுல வச்சாச்சு. மிஷின் சத்தத்துல மாடம் எடுத்தாச்சான்னு கேக்காருன்னுதான் எனக்குக் கேட்டிச்சு. எங்க வீட்டுல யாரும் மாடன்னு மொட்டையாச் சொல்ல மாட்டாவ. சாமின்னுதான் சொல்லுவாவ."

சார் சேவியரைப் பார்த்தார். "நீரும் சாமி எடுத்தாச்சான்னு கேட்டிருக்கலாம்லா?"

சேவியர் தயங்கினார். "சார், எங்களுக்குச் சாமின்னா கோயில்ல பூசை வைக்க ஃபாதர்லா சார். சாமியை எடுத்தாச்சான்னு எப்படிக் கேக்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு செத்துவிட்டது. தெரியாத ஊர்க்காரன் என்றால் கேட்காமலே இடித்திருப்பான், அப்போது பழி அவன்மேல் போயிருக்கும். இவர் மதித்து, நிறுத்தி, சாமியின் பெயரைச் சொல்லிக் கேட்டதால் வந்த வினை இது. மாடனைத் தொலைத்தது ஒரு போன், தண்டனை பெண்டாட்டிக்கு. வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சார் குடையை மடக்கினார். மடக்கினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். "அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பீடம் வேண்டாம், எடுத்துட்டுப் போங்கன்னு உங்க வீட்டுல யாராவது சொன்னாவளா?"

"எப்படி சார் சொல்லுவோம்?"

"வேண்டாம்னு விட்டாத்தான் அது கழிவு. நீங்க விடவே இல்லியே." மடக்கின குடையை விரித்தார். "அப்ப அது இன்னும் எங்ககிட்ட வந்து சேரல. வழி தவறி வந்திருக்கு, அவ்வளவுதான்." என் பக்கம் திரும்பினார். "என்னவே நிக்கீரு? மிஷினை நிறுத்தச் சொல்லும். அந்த லோடு எங்கன?"

அந்த ‘வே’யைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

லோடு கலப்பு மேட்டில் இருந்தது. மண்ணும் செங்கலும் கலந்து வந்ததால் முந்தின நாள் நானே அபராதம் போட்டுப் பின்பக்கம் தள்ளியிருந்தேன். ஒழுங்காகப் பிரித்து அனுப்பியிருந்தால் செங்கல் அன்றைக்கே அரைபட்டிருக்கும், மண் எந்தத் தோட்டத்துக்கோ போயிருக்கும். அதன்மேல் வேறு லோடுகளும் விழுந்திருந்தன. லோடர் ஓட்டுநரிடம் மேலே உள்ளதை மட்டும் மெல்ல வழித்தெடுக்கச் சொன்னோம். வாசலில் டிப்பர்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. சார் காதில் வாங்கவில்லை.

முத்துக்கனி வெறுங்காலோடு மேட்டில் ஏறப் போனாள். ஆணி, கண்ணாடித் துண்டு எல்லாம் கிடக்கிற இடம். நான் பூட்ஸைக் கொடுத்தேன், வாங்கவில்லை. "சாமி கெடக்க எடத்துல எப்படி அண்ணாச்சி?" என்றாள். "ஆணி குத்துனா மாடனா வந்து ஊசி போடுவாரு?" என்று சார் சத்தம் போட்டார். கடைசியில் சேவியர் மரக் குவியலிலிருந்து ஒரு பழைய கதவைத் தூக்கி வந்து மேட்டில் படுக்கப் போட்டார். அவள் அதன்மேல் நின்றுகொண்டு தேடினாள். ஒரு பக்கம் தேடி முடித்ததும் கதவை நகர்த்திப் போட்டோம்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. செங்கல் எல்லாம் ஒரே செங்கலாகத் தெரிந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இதில் ஏதாவது ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிட்டால் அவள் குடும்பம் பிழைக்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அவளும் அப்படி எதையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. நாங்கள் நீட்டின காரைத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இல்ல" என்று ஓரமாக வைத்தாள்.

பிறகு குனிந்தவள் நிமிரவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு காரைப் பாளம். உடைந்த விளிம்பில் வெங்காயத்தை அறுத்ததுபோல் தோல் தோலாக அடுக்கு. வெள்ளை, அதன்மேல் காவி, அதன்மேல் வெள்ளை. ஒவ்வொரு கொடைக்கும் பூசின பூச்சு. பக்கத்திலேயே, அடிச்செங்கல்லோடு ஒட்டிய ஒரு மண்கட்டி கிடந்தது, எண்ணெய் இறங்கிக் கறுத்திருந்தது. அவள் அதை மூக்கருகில் கொண்டுபோனாள். அப்புறம்தான் அழுதாள். வந்ததிலிருந்து அழாதவள் வாய்விட்டு அழுதாள். சேவியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் வாசலுக்குப் போய், "அண்ணாச்சி, வாங்க" என்று தங்கராஜைக் கூப்பிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கூப்பிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பாளத்தைப் பார்த்தார். மண்கட்டியைத் தொட்டார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து விரித்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அந்தத் துணியை எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் அவர் மேலிருந்த என் கோபம் பாதி போய்விட்டது. கட்டியை உடைத்து ஒரு பிடி எடுத்து அதில் வைத்தார்.

துணியை முடிந்த பிறகு, "மிச்சக் கல்லையும் ஒரு சாக்குல போட்டு எடுத்துட்டுப் போயிருவோம்" என்றார். சார் என்னைப் பார்த்தார். எனக்கும் பகீர் என்றது. எது மாடன் கல், எது அடுத்த வீட்டுக் கல் என்று இனி யார் பிரிப்பது?

முத்துக்கனிதான் சொன்னாள். "எதுக்கு? எடுக்க வேண்டியதை எடுத்தாச்சுல்லா. இனி அது கல்லுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். கதவுப் பலகையிலிருந்து இறங்கி, காலையிலிருந்து மிதிக்க மாட்டேன் என்று நின்ற அதே செங்கல்மேல் கால் வைத்து நடந்து வந்தாள். சார் அவளிடம், "அப்ப இதை நாங்க எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவர் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

"எடுத்துக்கோங்க சார்" என்றவள் எங்களோடு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினாள். கடைக்காரி குரல் வந்துவிட்டது. "அரைச்சு முடிச்சதும் எங்களுக்கே ரெண்டு லோடு தருவீங்களா சார்? மனைய உசத்தணும்லா. வெளிய வாங்குறதுக்கு..."

தங்கராஜ் அதற்குள் பைக்கை உதைத்திருந்தார். "ஏளா, அதெல்லாம் வீட்டுல போயிப் பேசிக்கிடுவோம். மடியில சாமியை வச்சுக்கிட்டு ஏறு. மெதுவாப் போறேன்."

அவள் வாசலில் அப்படியே நின்றாள். அந்தப் பேச்சில் வீடு என்ற ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். மஞ்சள் துணி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். லோடுக்குப் பதில் கேட்க மறந்தே போனாள்.